முந்நூறு சிம்மாசனங்கள்

மனிதன் அடையக்கூடிய பட்டங்களில் ஆகச் சிறந்தது 'திவாலானவர்' என்ற பட்டம்தான் என்று அடித்துச் சொல்வேன். மற்ற பட்டங்களைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். கொஞ்சம் செலவழித்தால் சில பட்டங்கள் வீட்டுக்கே வந்து சேரும். இந்தப் பட்டத்தை நீதிபதிதான் கொடுக்க வேண்டும். அதுவும் முழுப்பெயரைச் சொல்லி, தகப்பனார் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டு. விவரம் தெரியாதவர்கள் இதை 'மஞ்சள் கடுதாசி' என்று கொச்சைப்படுத்துவார்கள். அவர்களை மன்னித்துவிடலாம். பாவம், அவர்களுக்கு இன்னும் கடன் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு இந்தப் பட்டம் வாய்த்த வரலாறு சுருக்கமானது. விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். எல்லாம் பிளாஸ்டிக். அடுக்கினால் கூரையைத் தொடும், தூக்க ஒரு ஆள் போதும், உடைந்தால் யாரும் அழ மாட்டார்கள். கல்யாணமோ கூட்டமோ துக்கமோ, உட்காராமல் மனிதனால் எதையும் செய்ய முடியாது என்பதால் வியாபாரம் நன்றாகவே ஓடியது. நன்றாக ஓடும் ஒன்றை வங்கி எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்?

ஒரு நாள் வங்கியிலிருந்து ஓர் இளம் அதிகாரி கடைக்கு வந்தார். 'வளர்ச்சி' என்ற சொல் இல்லாமல் அவரால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு 'வளர்ச்சி' என்றே பெயர். ஏன் சார் இன்னும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்ட விதத்தில், எனக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதோ என்று பயமாகிவிட்டது. பிறகு பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்தார். சிம்மாசனம். சிவப்பு வெல்வெட், தங்கப் பெயின்ட், கை வைக்கும் இடத்தில் இரண்டு சிங்கத் தலை. மொத்தமாக முந்நூறு வாங்கினால் விலை சல்லிசு, கடனுக்கு நான் பொறுப்பு என்றார்.

என் மனைவி அப்போது கடையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு கல்யாணத்துல எத்தனை ராஜா உக்காருவாங்க?"

வளர்ச்சி விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் நல்ல தமாஷ் பேர்வழி என்றார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன்.

அந்தக் கேள்விக்கு விடை பிற்பாடு தெரிந்தது. இரண்டு பேர். மாப்பிள்ளையும் பெண்ணும். அந்த இரண்டு சிம்மாசனத்தையும் மண்டபக்காரர்களே வாங்கி வைத்திருந்தார்கள். என் முந்நூறும் கிடங்கில் கம்பீரமாக வீற்றிருந்தன. அவற்றை அடுக்கவும் முடியாது, சிங்கம் இடிக்கும். கடைசியில் வங்கி அவற்றையும் கடையையும் எடுத்துக்கொண்டது, நீதிபதி எனக்குப் பட்டத்தைக் கொடுத்தார். ஆளாளுக்கு ஒன்று கிடைத்ததால் யாருக்கும் மனக்குறை இல்லை.

பட்டதாரிக்கு வேலை வேண்டுமல்லவா? ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடும் வேலை கிடைத்தது. முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுக்க மாட்டார், கணக்கில்தான் போடுவார். திவாலானவருக்கு எந்தக் கணக்கும் கிடைக்காது என்று பயந்துகொண்டே அதே வங்கிக்குப் போனேன். அவர்கள் பெருந்தன்மையோடு 'அடிப்படைக் கணக்கு' என்ற ஒன்றைத் திறந்து கொடுத்தார்கள். செக் புத்தகம் கிடையாது. இருப்புக்கு மேல் சல்லிக்காசு எடுக்க முடியாது. ஒரு அட்டை உண்டு. பணம் இருந்தால் சரி என்னும், இல்லாவிட்டால் இல்லை என்னும்.

இந்த அட்டையின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாள் மளிகைக் கடையில், பின்னால் நீண்ட வரிசை நிற்க, கல்லாவில் இருந்த பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, "இல்லைனு வருது சார்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தால் அல்ல, நன்றியால். அந்த வங்கியோடு பழகிய இத்தனை காலத்தில் எனக்கு அது 'இல்லை' சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு சோப்பில் ஒன்றைத் திருப்பி வைத்தேன். அட்டை உடனே சமாதானமாகிவிட்டது.

வீட்டில் வரவு செலவுத் துறை என் மனைவியிடம் இருந்தது. சம்பளம் வந்த அன்று சாயங்காலம் பணத்தைப் பிரித்துப் பழைய பவுடர் டப்பாக்களில் போடுவாள். வாடகைக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. எதில் எவ்வளவு இருக்கிறது என்று குலுக்கிப் பார்த்தே சொல்வாள். அவளுடைய மூக்குக் கண்ணாடிக்கான பணம் மட்டும் டப்பாவில் இல்லை, கணக்கிலேயே கிடந்தது. டப்பாவில் இருந்தால் கை நீண்டுவிடும் என்பது அவள் கட்சி.

கண்ணாடி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை போய்விட்டது. தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைச் சொல்வாள், கையில் இருக்கும் ஊசியின் காது தெரியாது. அவளோ ஒரு துணிக்கடைக்குக் கைத்தையல் செய்து கொடுப்பவள். அதனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன், இருக்கிற ஊசிகளில் எல்லாம் நூல் கோத்து வரிசையாகத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் போவேன். மத்தியானத்துக்குள் அவை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் வேலையில்லாமல், நான் திரும்பும் வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவழியாகப் பணம் சேர்ந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை அளந்து, சனிக்கிழமை தயாராகிவிடும் என்றார். அதே சனிக்கிழமைக்கு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. திவாலான வாடிக்கையாளர்கள் வாழ்க்கைத் துணையோடு வந்து 'நிதி ஒழுக்கப் பயிற்சி' பெற்றுச் செல்ல வேண்டும், வராதவர்களின் கணக்கு முடக்கப்படும். எங்கள் மேல் இவ்வளவு அக்கறை இருப்பது தெரிந்து நெகிழ்ந்து போனோம். பயிற்சி முடிந்து வரும் வழியில் கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

பயிற்சி வங்கியின் மாடி மண்டபத்தில். வாசற்படியிலேயே என் மனைவி நின்றுவிட்டாள். தூரப் பார்வைதான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே.

"ஏங்க, அது நம்ம சிங்கம்தானே?"

மண்டபம் நிறையச் சிம்மாசனங்கள். வேனில் ஏற்றும்போது காது உடைந்த சிங்கம்கூட முதல் வரிசையில் இருந்தது. ஏலத்தில் யாரும் எடுக்காததால் வங்கியே வைத்துக்கொண்டதாம். எங்களைப் போன்ற திவாலானவர்கள் ஜோடி ஜோடியாக வெல்வெட்டில் அமர்ந்திருந்தார்கள். நாங்களும் காதறுந்த சிங்கத்தின் பக்கத்தில் அமர்ந்தோம். முந்நூறு சிம்மாசனத்துக்குச் சொந்தக்காரனாக இருந்தும் அன்றுதான் முதன்முதலாக அதில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் சாட்சாத் வளர்ச்சி. இப்போது 'மறுவாழ்வுப் பிரிவு'க்கு மாற்றியிருக்கிறார்கள். வளர்ச்சி இருந்த இடத்தில் ஒழுக்கம் வந்திருந்தது. ஒழுக்கமாகத் தண்ணீர் குடித்து, ஒழுக்கமாகத் தொண்டையைக் கனைத்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு மனிதர் எத்தனை பேரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் பாடம்.

"தண்ணி தேவை, ஜூஸ் ஆசை. செருப்பு தேவை, ரெண்டாவது செருப்பு ஆசை. நாற்காலி தேவை, சிம்மாசனம் ஆசை. யாராவது கடன் வாங்கி சிம்மாசனம் வாங்குவாங்களா?"

சபை சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். ஆசிரியர் தமாஷ் சொன்னால் சிரிப்பதுதான் மரியாதை.

அடுத்து ஒவ்வொருவரும் எதற்காகச் சேமிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மனைவிக்குக் கண்ணாடி என்றேன். இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டார். ஊசி கோத்து வைக்கும் விஷயத்தைச் சொன்னேன். மனம் உருகிக் கேட்டுவிட்டு, "அப்போ சமாளிக்க முடியுதுல்ல? சமாளிக்க முடிஞ்சா அது ஆசை சார்" என்று கண்ணாடியைப் பலகையில் ஆசைப் பக்கம் எழுதினார். பக்கத்தில் 'ஒத்திவைக்கலாம்' என்றும் குறித்தார். என் மனைவி அதைத் தெளிவாக வாசித்தாள்; பலகை தூரத்தில் இருந்தது.

கடைசிப் பாடம் 'வேண்டாம்' சொல்வது. யார் வந்து ஆசை காட்டினாலும், எவ்வளவு நயமாகப் பேசினாலும், வாய் கூசாமல் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். குழந்தைகளைப் போலக் கூட்டமாகச் சொல்லிப் பழகினோம். ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"சில பேர் 'இது வேற, இது உங்க நன்மைக்கு'னு சொல்வாங்க. அப்பவும் என்ன சொல்லணும்?"

"வேண்டாம்" என்றோம்.

டீ வந்தது. டீக்குப் பிறகு மேலாளர் அம்மாள் வந்தார். கையில் பூங்கொத்து இல்லாத குறைதான், அவ்வளவு மலர்ச்சி. பயிற்சி முடித்த எங்களைத் தலைமை அலுவலகம் கௌரவிக்க விரும்புகிறது என்றார். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லித் தணிக்கைக்காரர்கள் தொல்லை கொடுக்கிறார்களாம். ஆகவே 'மறுவாழ்வுத் தவணைத் திட்டம்': குடும்பத்துக்கு இரண்டு சிம்மாசனம், முன்பணம் இல்லை, மாதத் தவணை கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. இதுதான் பரீட்சை. என்ன நேர்த்தியான ஏற்பாடு என்று வியந்துகொண்டே, அத்தனை பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றோம்.

மேலாளர் அம்மாளின் மலர்ச்சி கொஞ்சம் வாடியது. வளர்ச்சி வரிசைக்குள் புகுந்து, இது பரீட்சை இல்லை, உண்மையான திட்டம், உங்கள் நன்மைக்குத்தான் என்று ஒவ்வொரு காதிலும் கிசுகிசுத்தார். நாங்கள் என்ன ஏமாளிகளா? முன்பைவிடப் பலமாக "வேண்டாம்" என்றோம். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே சொன்னார்.

என் மனைவி மட்டும் மேலாளரிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். "இது தேவையாங்க, ஆசையாங்க?"

"தேவைதாம்மா."

"யாருக்கு?"

மேலாளர் அம்மாள் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடத் தொடங்கினார். பாடத்தில் உள்ளபடியே சொன்னவர்களைத் தோற்கடிக்க அவருக்கு வழி இல்லை. எல்லோரும் தேறினோம், கணக்குகள் பிழைத்தன. சான்றிதழைக் கொடுக்கும்போது வளர்ச்சி என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கும்மா."

"நீங்க வளர்ச்சியில இருந்தப்போ பார்த்திருப்பீங்க தம்பி" என்றாள்.

நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். கண்ணாடி தயாராக இருந்தது. அவள் போட்டுக்கொண்டு தன் விரல் நுனியைப் பார்த்தாள், புடவைத் தலைப்பின் நூலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டதா என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளை முதல் ஊசி கோக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அட்டையை நீட்டினேன்.

கடைக்காரர் இரண்டு தடவை முயன்றுவிட்டு, "இல்லைனு வருதுங்க" என்றார்.

காலையில் பார்த்தபோது பணம் முழுசாக இருந்தது. அதற்குள் என் சட்டைப் பையில் போன் முனகியது. எடுத்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளால் ஒரு செய்தியைத் தானே படிக்க முடிந்தது, அவளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. நிதானமாக வாசித்தாள். பயிற்சி இலவசம். டீ இலவசம். இருக்கை வாடகை, சிம்மாசன வகை, இரண்டு பேருக்கு, கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, வங்கியின் மேல் எனக்கு இருந்த மரியாதை முழுவதும் ஒட்டிக்கொண்ட குரலில் சொன்னாள்:

"அந்தத் தொழில்ல ஒரு தப்பும் இல்லைங்க. நாமதான் வரிசைய மாத்திப் பண்ணிட்டோம். முதல்ல ஆளுங்களைத் திவாலாக்கணும். அப்புறந்தான் சிம்மாசனத்தப் போடணும்."