எல்லாம் ஒண்ணுதாங்க!

மனிதர்களை எத்தனையோ வகையாகப் பிரிக்கலாம். 'எதுக்குப் பிரிக்கணும்? எல்லாம் ஒண்ணுதாங்க' என்பவர் தனி வகை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் விருத்தாசலத்தில் அவர் பெயர் கொளஞ்சியப்பன். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பூச்சு கலக்குகிறவர்.

கடலூருக்குப் போக ஜங்ஷனுக்கு வந்து, நின்றிருந்த வண்டியில் ஏறி, "தண்டவாளம் எல்லாம் ஒண்ணுதாங்க" என்று காலை நீட்டித் தூங்கி, எதிர்த்திசையில் இருக்கும் சின்னசேலத்தில் கண் விழித்தவர். இரண்டு பூச்சுகளும் வெள்ளையாகத்தானே இருக்கின்றன என்று ஒரே தொட்டியில் ஊற்றியவர். சூளையைத் திறந்தால் நானூறு கோப்பைகளுக்கும் அம்மை வார்த்திருந்தது. திருந்தினாரா? கோப்பை உடையலாம், கொள்கை உடையுமா?

ஆனால், டீயில் அரைக் கரண்டி சர்க்கரை குறைந்தால் மட்டும் முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவர் மனைவி ஆண்டாளுக்குப் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். கொளஞ்சியப்பன் சட்டைக்கையைச் சுருட்டினார்.

"எடும்மா. செவப்பு எல்லாம் ஒண்ணுதான்."

லேபில் வேலை பார்க்கும் வாசுகி ஒரு துளி எடுத்துச் சோதித்தாள். "ஒங்களுது ஏ குரூப்பு, அண்ணிக்கு பி. சேராதுண்ணே."

"அப்பிடி என்னா வித்தியாசம்?"

"சக்கரைதான்."

"எனக்குச் சக்கரை வியாதியே கெடையாதும்மா!"

"அது இல்லண்ணே. ரத்த அணு மேல சக்கரைங்க சங்கிலியா கோத்து இருக்குது. நுனியில இருக்குற ஒரே ஒரு சக்கரை மட்டும் ஏ-வுக்கு வேற, பி-க்கு வேற. ஒடம்பு அதைப் படிச்சுதான் நம்மாளா, வெளியாளான்னு தெரிஞ்சிக்கும். வெளியாளுன்னா அடிதடி. உசுரு போயிடும்."

"ஒரே ஒரு சக்கரைக்கா?"

"அரைக் கரண்டிக்கு டீக்கடையில சண்டை போடுற ஆளு, நீங்க கேக்குறீங்களா? ரெண்டு வெள்ளையும் சூளைக்குப் போயி என்னா ஆச்சுண்ணே?"

சட்டைக்கை தானாகக் கீழே இறங்கியது. குரலும் இறங்கியது.

"பி யாருக்கும்மா இருக்குது?"

"அண்ணியோட தம்பி கோதண்டபாணிக்கு. போன வருஷம் ஒருத்தருக்குக் குடுத்தாரு, நோட்டுல இருக்குது."

மைத்துனர் கடை வைத்திருப்பது மங்கலம்பேட்டையில். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய கொளஞ்சியப்பன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பஸ்ஸின் பலகையைப் படித்தார். இரண்டு தடவை. போதாமல், "மங்கலம்பேட்டதானுங்களே?" என்று கண்டக்டரிடம் மூன்று தடவை. நான்கு மணிக்கு மைத்துனரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். ஆண்டாள் பிழைத்தாள்.

மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள்: "என்னா கொழந்த?"

"பொண்ணு. பொண்ணென்ன, பையனென்ன? எல்லாம் ஒண்ணுதாங்க!"

அந்த ஒருமுறைதான் அவர் சொன்னது சரி. அடுத்த நொடியே, "யோவ், சக்கரை கொறையுது!"

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் ரத்தம் எந்த வகை? தெரியாதா? 'எதுவா இருந்தா என்ன' என்று உங்கள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். கடலூர் போவதாக இருந்தால், ஏறும் முன் பலகையைப் படித்துவிடுங்கள்.