கங்கைக்குப் போன செட்டியார்

ஈர வைக்கோலும் ஆற்றுச் சேறும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு வயிற்றுக்குள் ஒரு லாரி கிளம்பும். துர்கா பூஜை முடிந்த கையோடு கங்கைக்கரைக் கிடர்பூர் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்துவிடும். வண்ணம் கரைந்து, மண் கழன்று, வெறும் வைக்கோல் எலும்பாய்க் கரையில் குவிந்து கிடக்கும் தெய்வங்களின் வாசனை. நான் உடனே ஜன்னலை மூடிவிடுவேன். (எங்கள் ஊர் பஸ் ஜன்னல் மூடாது. மூடுவதாகப் பாவனை செய்வேன்.)

அந்த வைக்கோல் குவியலில் மற்றவர்கள் கடவுளைப் பார்த்திருப்பார்கள். நான் ஒரு மளிகைக்கடைக்காரரைத் தேடியிருக்கிறேன்.

அவர் என்னுடையவர் அல்ல, ராஜியுடையவர். ராஜி என் கல்லூரித் தோழி. கணவருக்கு ரயில்வே வேலை, கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். அவள் அம்மாவின் கொலுவில் ஒரு செட்டியார் தம்பதி உண்டு. தொப்பையும் திருநீறுமாய் செட்டியார், பக்கத்தில் மூக்குத்தியோடு செட்டியாரம்மா, முன்னால் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, வெல்லம். ராஜியின் அப்பா போன பிறகு, அவள் அம்மா ஒரு நாள் மெல்லிய தூரிகையை எடுத்து அந்தச் செட்டியாருக்குக் கறுப்பு மையில் மூக்குக்கண்ணாடி வரைந்தார். அச்சு அசல் அப்பா. அதற்கப்புறம் நவராத்திரி முழுக்கச் சாயங்காலங்களில் அவர் எதிரே உட்கார்ந்து எல்லாப் புகாரும் சொல்வாராம். சிலிண்டர் வரவில்லை, கால் வலிக்கிறது, மாப்பிள்ளை சாப்பிடும்போது போன் பார்க்கிறார்.

நான் சொல்லும் வருஷம் அம்மாவும் போய்விட்டார். ராஜி வீட்டில் கொலு கிடையாது. என் வீட்டுக் கொலுவில் செட்டியார் கிடையாது. நான்தான் இரவல் கேட்டேன். ராஜி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். பிறகு அம்மாவின் பழைய நூல் புடவையில் இருவரையும் சுற்றிப் பெட்டியில் வைத்து, "பெட்டிக்குள்ள இருட்டுல கிடக்கறதுக்கு உன் வீட்டுல உக்காரட்டும். பார்த்துக்கோ டீ" என்றாள். என்ன உடைந்தாலும் இவர் உடையமாட்டார் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் இன்றுவரை பொய்க்கவில்லை. அவர் உடையவில்லை.

நாங்கள் இருக்கும் ஜாதவ்பூர் அடுக்குமாடியில் கீழே முற்றத்தில் துர்கா பூஜை, மேலே என் வீட்டில் கொலு. வளாகத்துப் பெண்கள் கூட்டமாக வந்து படிகளைப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட செட்டியாரிடம் வந்ததும் நின்றார்கள். "தீதி, இது எந்த டாக்கூர்?" அக்கா, இது எந்தச் சாமி என்று கேட்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை. ஆனால் உரைநடைக் கவிதை எழுதுகிறவளின் நாக்குக்கு மளிகைக்கடை ருசிக்குமா? "ஊரின் பசியையெல்லாம் தராசில் நிறுத்து, ஒவ்வொரு வாசலுக்கும் அன்னம் அனுப்புகிறவர்" என்று வங்காள மொழியில் எடுத்துவிட்டேன். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. (செட்டியாருக்கும் புல்லரித்திருக்கும்.)

செய்தி பூஜைக் கமிட்டிச் செயலாளர் பௌமிக்தாவிடம் போனது. நவமியன்று உங்கள் அன்னதாதாவும் அன்னையின் காலடியில் உட்காரட்டும், மாலை நிகழ்ச்சியில் அவரைப் பற்றி நீங்களே ஒரு கவிதை வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதுவரை அந்த வளாகத்தில் என்னிடம் யாரும் கவிதை கேட்டதில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தியாச்சா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"கீழே எடுத்துட்டுப் போகாதே. அவங்க பந்தல்ல உக்கார்ந்த சாமி வீட்டுக்குத் திரும்பாது" என்றார் என் கணவர். வங்கியில் வேலை பார்க்கிறவருக்குக் கற்பனை குறைவு என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினேன். பிள்ளையாரின் எலிக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடமிருந்தது. செட்டியாரம்மாவை மேலேயே விட்டுவிட்டேன். கவிதை நன்றாகப் போனது. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் போதையில் அவரைத் திரும்ப எடுத்துவர மறந்தேன்.

மறுநாள் தசமி. வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்தார்களென்று லேக் மார்க்கெட் பக்கம் தமிழ் வீடுகளுக்குப் போய், பட்டுப்புடவையும் சுண்டலுமாய்த் திரும்பினால் பந்தல் காலி. வெறும் மேடையில் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எலி இல்லை, பிள்ளையார் இல்லை, அன்னை இல்லை.

போன் செய்தேன். பின்னணியில் மேளம் அதிர, பௌமிக்தா ஆறுதலாகப் பேசினார். ஒரு குறையும் வைக்கவில்லையாம். பெண்கள் எல்லோரும் அவர் நெற்றியில் குங்குமம் இட்டு, வெற்றிலையால் கன்னத்தைத் தடவி, வாயில் சந்தேஷ் இனிப்பு ஊட்டி வழியனுப்பினார்களாம். "லாரியில பின்னாடி வைக்கலை தீதி. டிரைவர் பக்கத்துல, முன் சீட்டு. நானே மடியில வச்சுட்டு வந்தேன். இப்பத்தான் கங்கையில விட்டோம். அழாதீங்க, அடுத்த வருஷம் மறுபடி வருவார்."

அவர்கள் சாமி வருவார். வருஷா வருஷம் புது மண்ணில் பிறந்து வருகிற சாமி. எங்கள் பொம்மை அதே பழைய மண், அதே பழைய பெட்டி. தண்ணீருக்குப் போனால் போனதுதான். இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் முன்பே கட்டுரை எழுதியிருக்கிறேன் என்பது இங்கே அநாவசியம்.

விடிந்ததும் ஆற்றங்கரைக்கு ஓடினேன். கிரேன் வைக்கோல் உடல்களை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தது. துப்புரவு வேலையில் இருந்த ஒருவரிடம் அடையாளம் சொன்னேன். சின்ன உருவம், கண்ணாடி போட்டிருப்பார். "காந்தியா?" என்றார். தொப்பை இருக்கும் என்றேன். யோசித்தார். "அப்ப காந்தி இல்லை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சேற்றில் கணுக்கால் புதைய நடந்ததில், யாருடைய முருகனோ, அவர் கை ஒன்று மட்டும் கிடைத்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்துவிட்டுக் கார்டன் ரீச். மடியில் பெட்டி, பெட்டிக்குள் செட்டியாரம்மா தனியாக. வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தொலைத்துவிட்டேன் ராஜி, என் தப்பு, மன்னித்துக்கொள்.

கதவைத் திறந்தது அவள் கணவர். அவரைப் பார்த்ததும், ஐயோ, எனக்குச் சபை கிடைத்துவிட்டது. "ராஜி, மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம், எப்படி ஆயிற்றென்றால் என்று ஒரு வாக்கியம். அதற்கு விளக்கமாக இன்னொன்று. எலி வந்தது, தராசு வந்தது, முன் சீட்டு வந்தது. காந்தி வந்தபோது ராஜியின் கணவர் சோபாவிலிருந்து சரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன். நடித்தும் காட்டினேன். வாயில் சந்தேஷ் அடைத்த இடத்தில் ராஜி உதடு லேசாக அசைந்தது.

"அப்பாவுக்குச் சுகர்" என்றாள்.

நானும் அவள் கணவரும் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் பெட்டியைத் திறந்து செட்டியாரம்மாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அம்மாவின் புடவையை உதறி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். காபி போட உள்ளே போனாள். வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

இப்போது இது குடும்பச் சொத்தான கதை. எங்கள் வீட்டில் சாவியைக் காணோம், சீப்பைக் காணோம் என்றால் என் மகள், "முன் சீட்டுல போயிடுச்சா?" என்பாள். ராஜியின் கணவர் கல்யாண வீடுகளில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, காந்தி கட்டத்தை மட்டும் என்னைச் சொல்லச் சொல்வார். பௌமிக்தா வருஷா வருஷம், உங்கள் அன்னதாதா இந்த முறையாவது வருவாரா என்று விசாரிக்கிறார். ராஜி மறுபடி கொலு வைக்கிறாள். போனில் வரும் படங்களில் பார்ப்பேன். கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். செட்டியாரம்மா தனியாகக் கடையைக் கவனித்துக்கொண்டிருப்பார். பக்கத்து இடத்தில் வேறு பொம்மை எதையும் அவள் வைப்பதில்லை. வெற்றிலை பாக்குக்கு என்னை அழைப்பதும் இல்லை.

அன்று கிளம்பும்போது என்னவோ பெரிய பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. நன்றாகச் சொல்லிவிட்டோம், சிரித்தும் விட்டாள், தீர்ந்தது. ராஜி குவார்ட்டர்ஸ் கேட்வரை கூட வந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். நான் வெளியே போனதும் உள்பக்கம் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்னு சொல்லிண்டே உள்ள வந்தியே," என்றாள். "எப்ப டீ கேக்கப் போற?"