மஸ்கட் அக்கா வூட்டு நீச்சல் குளமும் என் எருமையும்

பொறாமைன்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குக்கூட ரெண்டே நாள்ல கத்துக்குடுத்துடுவாங்க எங்க பிள்ளைப்பாக்கத்து மஸ்கட் அக்கா. எனக்கு ஒரு நாளே போதுமா இருந்துச்சு. பக்கத்து வூடாச்சே!

வூட்டுக்காரரு மஸ்கட்ல இருந்ததால அந்தப் பேரு. சொந்தப் பேரு தெருவுல யாருக்கும் தெரியாது. 1991ல அவரு காசு அனுப்பினாரு. மத்தவங்கன்னா மாடி எடுப்பாங்க. இவங்க தோட்டத்துல நீச்சல் குளம் வெட்டினாங்க! அதுவும் நீலக் கலர் டைல்ஸ் ஒட்டி. கம்பெனியில ஷிப்டு முடிஞ்சு வந்தா கை கால்கூடக் கழுவாத என் வூட்டுக்காரரு, தோள்ல துண்டோட வேலியோரம் நிக்க ஆரம்பிச்சாரு.

"அங்க இன்னா வேலை?"

"காத்து நல்லா வருதுடி."

எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. அந்தக் குளம் நாசமாப் போவணும்னு தெனமும் மனசாரத் திட்டினேன்.

போச்சு. ஆனா போக வெச்சது என் எருமை.

எனக்குன்னு நான் வளத்த ஒரே சொத்து அது. நெறமாசம் வேற. ஒரு மத்தியானம் வேலியை ஒடைச்சிக்கினு போய்க் குளத்துல எறங்கிடுச்சு. மோட்டார் போட்டுத் தண்ணியை எறைச்சாச்சு, ஆனா ஏற வழியில்ல. டைல்ஸ்ல கால் வழுக்குது. கயித்தைக் கட்டி இழுத்தா வயித்துல இருக்கற கன்னு போயிடும். நான் தலையில அடிச்சிக்கினு அழுதேன்.

மஸ்கட் அக்கா ரோட்டுக்கு ஓடினாங்க. எங்கயோ கம்பெனி கட்ட மண்ணு ஏத்திக்கினு போன டிராக்டரை மறிச்சு, "இங்க கொட்டுப்பா!"ன்னாங்க.

"அக்கா, உங்க குளம் பாழாயிடுமே!"

"குளம் இன்னா கன்னு போடப் போவுதா? சும்மா கெடடி!"

மண்ணைச் சரிவாக் கொட்டினாங்க. அதுமேல என் எருமை மகாராணி மாதிரி ஏறி வந்துச்சு.

மிச்சப் பள்ளத்தையும் அக்கா தூத்துட்டாங்க. அங்கதான் தப்பு. அடியில இருந்த சிமெண்டை ஒடைக்கவே இல்ல. மழை வந்ததும் தண்ணி எறங்க வழியில்லாம தோட்டமே கொழகொழன்னு சேறாச்சு. துவைக்கிற கல்லு பாதி உள்ள போயிடுச்சு. நல்லபடியாக் கன்னு போட்ட என் எருமை, தெனம் அந்தச் சேத்துலயே போய்ப் பொரளுது. கன்னும் பின்னாலயே ஓடுது. புண்ணாக்கு வெக்கிறவ நானு, அது கத்துறது அவங்க வூட்டைப் பாத்து! சொந்த எருமைக்கே என்னைப் புடிக்கலியே, யார்கிட்ட சொல்லி அழ?

கடைசில அக்கா பொடவையை இழுத்துச் சொருவிக்கினு கடப்பாறையோட எறங்கிட்டாங்க. சேத்தை வாரி வெளிய போட்டு, அடி சிமெண்டை அங்கங்க ஒடைச்சு, ஜல்லி போட்டு, மேல ஏரி வண்டலைப் பரப்பினாங்க.

"வேடிக்கை இன்னாடி பாக்கற? வந்து மிதி!"

முணுமுணுத்துக்கினே மிதிச்சேன். அந்த எடத்துல கத்திரி போட்டாங்க பாருங்க, அப்படி ஒரு காய்ப்பு! மிதிச்சவ நானு, பேரு அவங்களுக்கு. மொதப் பறி என் வூட்டுக்குத்தான் வந்துச்சு. அதையும் திட்டிக்கினேதான் கொழம்பு வெச்சேன்.

இத்தனை வருசம் ஆச்சு. எருமை ஒடைச்ச வேலி மட்டும் அப்படியே கெடக்குது. கட்டிட்டா, பாவம், மஸ்கட் அக்கா சுத்திக்கினு வரணுமே.