நாற்பது பேரில் வழிதவறியவன்

பட்டியலில் நாற்பது பேர். வழிதவறியவன் ஒருவன்கூட இல்லை.

தோம்லா, அதாவது ஆசிரியர், என்று அழைக்கப்படும் விரிவுரையாளர் யுல்தாஷ் மூன்றாம் முறையாகத் தேடிப் பார்த்தார். நமங்கான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில், இஸ்லாமிய மார்க்கச் சட்டம் கற்பித்து இளைஞர்கள் கெட்டுப்போகாமல் தடுக்கும் வகுப்பை ஓராண்டாக நடத்துகிறார். மறுநாள் ஆய்வுக்குழு வருகிறது. வகுப்பு நீடித்தால்தான் அவருக்கு வேலை.

"திருந்தின ஒருத்தனையாவது காட்டுங்க, தோம்லா," என்றார் துறைத்தலைவர். "யாருமே கெட்டுப்போகலைன்னா நீங்க எதைத் தடுத்தீங்க?"

யுல்தாஷ் தன் மாணவர்களில் கெட்டிக்காரனான ஷுக்ரத்தைக் கூப்பிட்டார்.

"முன்னாடி நான் கெட்டவனா இருந்தேன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"பொய்யாச்சே, தோம்லா. போர், சண்டைக்காரங்களைச் சேர்த்து வைக்கிறது, புருஷன் பொண்டாட்டி. இந்த மூணுலதான் பொய்க்கு இடமிருக்குன்னு நீங்கதான் நடத்தினீங்க. நாம ரெண்டு பேரும் இதுல எது?"

யுல்தாஷ் மூன்றையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எதிலும் சேரவில்லை.

"அப்ப நிஜமாவே ஒரு தப்பு பண்ணிட்டு வா. சின்னதா. சிகரெட்?"

"உடம்பைக் கெடுக்கும். கூடாது."

"வகுப்புக்கு மட்டம்?"

"நம்பி அனுப்பின அப்பாவுக்குத் துரோகம்." ஷுக்ரத் நோட்டைப் புரட்டினான். "இதோ ஒண்ணு. பச்சைப் பூண்டு தின்னுட்டுக் கூட்டத்துக்கு வர்றது. ஹராம் இல்ல, மக்ரூஹ். பண்ணாம இருந்தா நல்லது, அவ்வளவுதான்."

"அதையே பண்ணு."

மறுநாள் அரங்கக் கதவைத் திறந்ததும் யுல்தாஷுக்குக் கண் எரிந்தது.

"உன்னைத்தானேடா தின்னச் சொன்னேன்?"

"ஆசிரியருக்கு உதவினா நன்மை, தோம்லா. அதை நான் மட்டும் எடுத்துக்கிட்டா சுயநலம். நாற்பது பேரும் தின்னோம். அந்தப் பொண்ணு திலோரம் மட்டும் ரெண்டு முழுப்பூண்டு."

யுல்தாஷ் ஜன்னலுக்கு ஓடினார். குளிருக்காக எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி அடைத்திருந்தார்கள். சட்டைப்பையிலிருந்த அத்தரை அரங்கம் முழுக்கத் தெளித்தார். இப்போது அத்தர் பூசிய பூண்டு நாறியது.

குழுத்தலைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கேட்டார். "உங்கள்ல வழிதவறினது யாரு?"

நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"எவ்வளவு நாளா?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து."

"யார் தூண்டிவிட்டது?"

பொய் சொல்லக் கூடாது. நாற்பது விரல்களும் யுல்தாஷை நோக்கி நீண்டன.

குழு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. யுல்தாஷ் தன் புத்தகங்களை எடுத்துப்போக அட்டைப்பெட்டி தேடினார். பெட்டி கிடைத்தபோது எழுத்தர் மஹ்புபா ஒரு தாளோடு வந்தார்.

"வாழ்த்துகள், யுல்தாஷ் தம்பி. வகுப்பை ரெண்டு வருஷம் நீட்டிச்சுட்டாங்க."

"நிஜமாவா, அக்கா?"

"பின்னே? திருத்தறதுக்குத்தான் ஒருத்தர் கிடைச்சுட்டாரே. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் பெஞ்சுல வந்து உட்காருங்க. லேட்டா வந்தா ஷுக்ரத் தோம்லா உள்ளே விடமாட்டாராம்."