எலித் தகரம்

கிறகோரிக்குக் கடலின் மேலேயே கோபம். ஆறு நாளாக மூச்சடக்கிச் சுழியோடுகிறான், ஒரு சிங்க இறாலின் மீசைகூடக் கண்ணில் படவில்லை. முருகைக்கல் பொந்து பொந்தாகக் கையை விட்டதில் ஒரு விலாங்கு பெருவிரலைக் கடித்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாள். பூசை முடிய ஊருக்கே விருந்து. "இருபது சிங்க இறால் நான் தாறன். இல்லாட்டி என்ரை மீசையை வழிக்கிறன்!" என்று கோயில் வாசலில் நின்று கத்தியவன் அவன்தான். யாரும் அவனிடம் இறால் கேட்கவில்லை. பெண்டாட்டியின் தம்பி பிலிப்பு, "இருபது வருமோ அத்தான்?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டான். அதற்குத்தான் அவ்வளவு கத்தலும். இன்றைக்கு வெள்ளி.

சுழியோடுகிறவனுக்கு வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கரை வழக்கம். அக்காவின் தாலியை அவன் தண்ணீரில் விடமாட்டான். கிறகோரி ஆறு மாதத்துக்கு முன் சிங்க இறால் மொய்க்கும் நல்ல முருகைக்கல் பார் ஒன்றைக் கண்டதும் முதல் வேலையாகப் பிலிப்பைக் கழற்றிவிட்டான். பிலிப்பு இடத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு தனியே வந்து அள்ளிவிடுவானாம்! கயிற்றை வள்ளத்தில் கட்டிவிட்டுத் தனியே குதித்தான். பெண்டாட்டி செபஸ்தியம்மா அழுது பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டாள். அப்போதாவது மனிசன் பயந்திருக்க வேண்டும்.

இடத்துக்கு அடையாளம் வேண்டுமே. வீட்டு வளவிலேயே உயரமான தென்னையில் பளபளவென்று ஒரு தகரம் சுற்றி அடித்தான். கோயில் உச்சிக் குருசுக்கு நேர் கீழே தகரம் மின்னும்படி வள்ளத்தை விட்டு, நான்கு பாகம் ஆழத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அதுதான் பார். பெண்டாட்டி கேட்டதற்கு, "எலி ஏறாமலிருக்க" என்றான்.

வெள்ளி மத்தியானம் வெறும் பறிக்கூடையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடித்தான்.

"எடியேய்! ரசத்திலை உப்பில்லை!"

"அது ரசமில்லை. கை கழுவ வைச்ச தண்ணி."

கோப்பையை முற்றத்தில் எறிந்தான். எறிந்த கையோடு தலை நிமிர்ந்தது. தகரம் வேறு மரத்தில் மின்னியது. கடலில் நின்று பார்த்தால் எல்லாத் தென்னையும் ஒன்றுதானே!

"தகரத்தை ஆர் கழட்டினது?"

"நான்தான் போன கிழமை ஆளைப் பிடிச்சு மாத்தி அடிப்பிச்சனான்."

"ஆரைக் கேட்டு?"

"எலியைக் கேட்டு. அது இந்த மரத்திலையெல்லோ ஏறுது. நீங்கள் எலிக்குத்தானே அடிச்சனீங்கள்?"

"ஓம்... எலிக்குத்தான்."

"பிறகென்ன?"

"அந்த மரத்திலையும் எலி ஏறும்!"

"அப்ப வளவிலை நிக்கிற ஒன்பது மரத்துக்கும் அடிப்பம்."

ஒன்பது தகரம் வரிசையாக மின்னுவது கண்ணுக்குள் வந்தது. கிறகோரி வெடித்துவிட்டான்.

"எலியாவது மண்ணாங்கட்டியாவது! அது என்ரை பாருக்கு அடையாளமடி! குருசுக்குக் கீழை தகரம், நாலு பாக..."

வாயைப் பொத்தினான். வேலிக்கு மேலால் பிலிப்பின் தலை தெரிந்தது.

"கூப்பிட்டியளோ அத்தான்?"

செபஸ்தியம்மா அவனுக்கு நேரே வந்து நின்றாள். கோபம்தான். ஆறு மாதக் கோபம்.

"நீங்கள் குதிச்சால் வள்ளம் கரைக்கு வரும்வரைக்கும் நான் அடுப்படியிலை மூச்சு விடாமல் நிக்கிறன். கயிறு நாளைக்கு அவன்ரை கையிலை இருந்தால் தகரம் பழைய மரத்துக்குப் போகும். இல்லாட்டிச் சவரக்கத்தியைத் தீட்டி வையுங்கோ!"

கிறகோரி மீசையைத் தடவினான்.

சனிக்கிழமை தகரம் பழைய மரத்துக்குப் போனது, பிலிப்பு கயிறு பிடித்தான். மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று சிங்க இறால். மீசை தப்பியது. கோபம் மட்டும் இறங்கவில்லை. கரை நெருங்கும்போது கிறகோரி மைத்துனனின் சட்டையைப் பிடித்தான்.

"டேய், குருசைப் பார்த்துச் சத்தியம் பண்ணு. இந்த இடத்தை இண்டையோடை மறந்திடோணும்!"

"இண்டைக்கென்ன அத்தான், நீங்கள் தகரம் அடிச்ச அண்டைக்கே அக்கா எனக்கு இடத்தைச் சொல்லி, தொடக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கிப்போட்டா."

"அவளுக்கு ஆரடா சொன்னது?"

பிலிப்பு கயிற்றைச் சுருட்டியபடி கரையில் குருசுக்கு நேர் கீழே தகரம் மின்னிய தென்னையைக் காட்டினான்.

"ஒரு குரும்பைகூடக் காய்க்காத மரத்துக்கு ஆராவது எலித் தகரம் அடிப்பினமோ, அத்தான்?"