பிராசசருக்குக் காய்ச்சல்

கடையில் ரெடியாகப் பூட்டி வைத்த கம்ப்யூட்டரை வாங்குகிறவன் மடையன். இது என் வீட்டுக்காரர் பாலன், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த தீர்மானம்.

"தொண்ணூத்தெட்டாம் வருஷம் பொறந்தாச்சு மார்கிரட். பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி நானே பூட்டப் போறேன் லா."

பூட்டினார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலில் தூசி என்று படுக்கையறையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே பாப்பாவின் தொட்டில். கம்ப்யூட்டர் மூச்சு விட்டால் பாப்பாவின் முடி ஆடும், அவ்வளவு பக்கம்.

நான் பயந்தாங்கொள்ளி. அடுப்பு கேஸ் தோங்கின் வால்வை மூடினேனா என்று படுத்த பிறகு எழுந்து போய்ப் பார்ப்பேன். மூடியிருக்கும். திரும்பி வந்து, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி போவேன். பாப்பா பிறந்த பிறகு என் பயத்துக்கும் ஒரு குட்டி பிறந்துவிட்டது.

அப்படிப்பட்டவளின் அறையில் அந்தப் பெட்டி அலறத் தொடங்கியது. நீல நிறத் திரையில் ஏதோ எண்கள்.

"என்னங்க, ஏன் கத்துது?"

"சூடு. பிராசசர் டெம்பரேச்சர் எண்பத்தெட்டு டிகிரி."

"எண்பத்தெட்டா! பாப்பாவுக்கு முப்பத்தெட்டு ஏறினாலே கிளினிக்குக்கு ஓடுறோம்! பிராசசர்னா என்ன?"

"கம்ப்யூட்டரோட மூளை."

"மூளைக் காய்ச்சலா?"

"பயப்படாதே லா. மேல ஹீட் சிங்க் வெச்சிருக்கேன்."

"சிங்க்கா? தண்ணி பைப் எங்க?"

"ஐயோ, அந்த சிங்க் இல்ல! அலுமினியக் கட்டி. பிராசசர் மேல ஒட்டி உக்காந்து சூட்டை உறிஞ்சிக்கும்."

"உறிஞ்சலையே லா. நெருப்புப் பிடிச்சா?"

என் வீட்டுக்காரருக்கு சுபாங் ஜெயாவில் வேலை. விற்பது தீ இன்சூரன்ஸ். உடனே முகம் தெளிந்தது.

"வீட்டுக்கு முழுக் கவரேஜ் இருக்கு."

"பிள்ளைக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அது வேற பாலிசி."

மறுநாளிலிருந்து வைத்தியம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். எண்பத்தேழு. வயர்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். எண்பத்தெட்டு. கடைசியில் பாப்பாவின் மேசை விசிறியை எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார். கம்ப்யூட்டருக்குக் காற்று, பாப்பாவுக்கு வேர்க்குரு. அது ஒரு பக்கம் கத்த, இவள் ஒரு பக்கம் கத்தினாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு கனகேஸ்வரி ஆன்டி வந்துவிட்டார்.

"என்ன மார்கிரட், பிள்ளைக்கு விசிறி இல்ல, பெட்டிக்கு விசிறியா?"

"அதுக்குக் காய்ச்சலாம் ஆன்டி."

"பெட்டிக்குச் சூடு இருக்கு. இந்த வீட்ல சொரணைதான் யாருக்கும் இல்ல." பாலனைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

"ஹாலுக்குத்தான் கொண்டு போங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஹால்ல வெச்சா ஜன்னல் வழியா திருடன் பாப்பான்."

"ரூம்ல வெச்சா பாப்பா தாங்க மாட்டா."

கேட்கவில்லை. நான் தூங்குவதை நிறுத்திக்கொண்டேன். தொட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஈரத் துண்டோடு பாய் விரித்துப் படுத்தேன். மனைவி தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை ஹீட் சிங்க்கையே கழற்றி, பேப்பர் மேல் மல்லாக்க வைத்தார். "இதுக்குப் பெரிய ஃபேனா வாங்கிட்டு வரேன். தொடாதே, கரண்ட் அடிக்கும்" என்று கிளம்பிவிட்டார்.

தொடவில்லை. ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டு, மர அகப்பையால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றும் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கட்டியின் அடிப்பாகத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. மேலே எறும்பு அளவு ஆங்கில எழுத்து. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் இருமல் மருந்து லேபிளைக்கூடக் கடைசி வரி வரை படிக்க வைத்தவர். படித்தேன். பொருத்துவதற்கு முன் இதை உரித்து எடுக்கவும்.

மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? எங்கள் சோஃபா கல்யாணத்தன்று போட்டு வந்த பிளாஸ்டிக்கை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தொடையும் அதுவும் பிரிய மாட்டாமல் பிரியும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக். கார் சீட்டுக்குப் பிளாஸ்டிக். "பிரிச்சா பழசாயிரும் லா" என்பார். மறக்கவில்லை. ஆசையாக விட்டுவைத்திருக்கிறார். மூளைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மழைக்கோட்டு மாட்டிவிட்டு, சூடு ஏன் இறங்கவில்லை என்று நாள்கணக்காகத் தலையைச் சொறிந்திருக்கிறார்.

உரித்தேன். எனக்கு வந்த பெருமூச்சில் தொட்டில் கொசுவலையே ஆடியது.

அவர் வந்ததும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். சொன்னால் சூட்டுக்குக் காரணம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பெட்டி தொட்டில் பக்கத்திலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும். நாளைக்கு இன்னொரு பார்ட்ஸ் வாங்குவார், அதற்கும் ஒரு மழைக்கோட்டு இருக்கும். பிளாஸ்டிக்கைப் பாப்பாவின் அழுக்கு நாப்பிக்குள் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

கையை வீசிக்கொண்டு வந்தார். பெரிய ஃபேன் கிடைக்கவில்லையாம். ஹீட் சிங்க்கை எடுத்து மாட்டினார். இருந்தபோதே படித்துப் பார்க்காதவர், இல்லாதபோது எங்கே கவனிப்பார்? சுவிட்சைப் போடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என்னங்க, ஒரு பந்தயம். ஹால்ல வெச்சுப் பாப்போம். சூடு குறைஞ்சா அது அங்கேயே இருக்கணும். குறையலைன்னா இதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"வாயே திறக்க மாட்டியா?"

"மாட்டேன்."

கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் மேசையைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போனார்.

நாற்பத்துமூன்று.

திரையைத் தட்டினார். அணைத்துப் போட்டார். நாற்பத்துநான்கு. அலறல் இல்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்தோட்டம்" என்றார். "நான் முன்னாடியே நெனச்சேன்."

விசிறி பாப்பாவிடம் திரும்பியது. அன்றைக்கு மத்தியானம் நானும் அவளும் விழுந்து தூங்கிய தூக்கத்தில், அவர் கனகேஸ்வரி ஆன்டியை அழைத்துக் காற்றோட்டம் பற்றி நடத்திய லெக்சரைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர் பரவிவிட்டது. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் அய்யூப்புக்கும் ஒன்று பூட்டிக் கொடுத்தார். அவர்கள் அதைப் படுக்கையறையில் வைத்தார்களாம். அதுவும் அலறியது. "ஹாலுக்கு மாத்து அய்யூப், அனுபவத்துல சொல்றேன்" என்று இவர் போனிலேயே வைத்தியம் பார்த்தார்.

இன்றைக்குச் சாயங்காலம் அய்யூப்பின் மனைவி மஜீதா என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஹால்ல வெச்சும் தொண்ணூறு காட்டுது. பயமா இருக்கு."

"முதல்ல ஆஃப் பண்ணு. ரூமை விட்டு வெளிய போயிருச்சுல்ல?"

"போயிருச்சு."

"திரும்ப உள்ள வராதே?"

"எப்படி வரும்? அந்த இடத்துல என் தையல் மிஷினைப் போட்டுட்டேன்."

குரலைத் தாழ்த்தி, எதைக் கழற்றி எதை உரிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

"யாரு, மஜீதாவா?" சோஃபாவிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "ஜன்னலை நல்லாத் திறந்து வைக்கச் சொல்லு."

"மஜீதா, அண்ணே ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்றாரு" என்றேன். "பாவம், அதையும் செஞ்சிரு."