இரண்டாவது சுரத்திலிருந்து மூன்றாவது சுரத்துக்கு

ஒரு வேலையைத் தொடங்காமலே தட்டிக்கழிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். தொடங்கிவிட்டுப் பாதியில் கம்பி நீட்டுகிறவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராத இனம் ஒன்று இருக்கிறது. இவர்கள் ஓடவும் மாட்டார்கள், முடிக்கவும் மாட்டார்கள், உட்கார்ந்து இழைத்துக்கொண்டே இருப்பார்கள். இழைப்பாளர்கள் என்று இவர்களுக்கு நான் பேர் வைத்திருக்கிறேன். எல்லாத் தொழிலிலும் உண்டு என்றாலும் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால், வீட்டிலேயே இசையமைக்கிறவரின் பின்னறைக்குத்தான் வர வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். இருமலிருந்தால் அதையும்.

நம்மவருக்கு வயது நாற்பத்திரண்டு. அறைச் சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை, ஜன்னலில் கம்பளி, மூலையில் ஒரு மைக், நடுவில் கணினி, அதன் முன்னால் ஒரு கீபோர்டு, கீபோர்டின் ஓரத்தில் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு சின்னச் சக்கரம். கணினிக்குள் ஒரு பேண்டு கோஷ்டியே குடியிருக்கிறது. எங்கோ ஒரு பெரிய கூடத்தில் நிஜக் கலைஞர்களை உட்காரவைத்து, டிரம்பெட்டையும் டிரம்போனையும் சுரம் சுரமாக ஊதச் சொல்லிப் பதிவுசெய்து விற்கிறார்கள்; கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் வரும். தனித்தனியாகக் கேட்டால் தேன். சேர்த்து வாசித்தால்தான் வில்லங்கம். மனிதன் ஊதும்போது ஒரு சுரம் அடுத்ததற்குள் மூச்சு அறுபடாமல் கலந்துகொண்டு போகும்; லெகாட்டோ என்பார்கள். கணினி ஊதும்போதோ வாடகை வீட்டுக்காரர்களைப் போல ஒருவர் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் சாமான் இறக்குவார்.

அந்த இடைவெளியை மறைப்பதுதான் நம்மவரின் வாழ்க்கை. முதல் கட்டையிலிருந்து விரலை எடுப்பதற்கு முன்பே அடுத்ததை அழுத்துவார், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கான தாவல் சோம்பலாக வந்தால் இன்னும் வேகமாக அழுத்துவார், தாவுகிற இடத்தில் சக்கரத்தை ஒரு மயிரிழை இறக்கி மறுபடி ஏற்றுவார், கணினியின் தாவல் எப்போதும் சற்றுப் பிந்தியே வருவதால் சுரத்தைத் தாளத்துக்கு அறுபது மில்லி செகண்டு முன்னால் நகர்த்துவார், பிறகு ஐம்பத்தைந்து, பிறகு அறுபத்திரண்டு, பிறகு சாப்பிடக் கூப்பிட வந்த மனைவியிடம் "இரு, மூச்சு வாங்கிட்டிருக்கேன்" என்பார். பொய்யில்லை. டிரம்போன்காரர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று கண்டுபிடிக்க, கன்னத்தை உப்பிக்கொண்டு தானும் வெறும் காற்றை ஊதிப் பார்ப்பார். ஒருமுறை தலைசுற்றிக் கீபோர்டின் மேலேயே கவிழ்ந்தார். அப்போது எழுந்த சத்தத்தையும் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறார்.

"இப்போ கேளு. நிஜம் மாதிரி இருக்கா?"

"முன்னாடியும் இப்படித்தான் இருந்துது."

"முன்னாடி கேட்டது நேத்து பண்ணினது. இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்குது."

"உனக்குக் காது சரியில்லை."

மனைவி பல் மருத்துவர். வாயைத் திறந்தபடி ஆயிரம் பேர் புலம்புவதைக் கேட்டுப் புரிந்துகொண்ட காது அது.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், தங்கை மட்டும் அவரை நம்பாமல் இருந்திருந்தால். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு வருஷம் அலைந்து தன் முதல் படத்தை எடுத்திருந்தாள் அவள். இருபது நிமிஷப் படம். முதல் காட்சியில் கிரேன் மெல்ல நிமிரும்போது ஒற்றை டிரம்போன் ஒலிக்க வேண்டும். "நீதாண்ணா போடணும்" என்றாள். ஆறு வருஷத்தில் அண்ணன் முடித்துக் கொடுத்த பாட்டு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தேதான் கேட்டாள். அது அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரத்தில் மெட்டுப் போட்டுவிட்டார். மொத்தம் பதினான்கு சுரங்கள், நடுவே பதிமூன்று தாவல்கள். பன்னிரண்டு தயார். இரண்டாவது சுரத்திலிருந்து மூன்றாவதற்குப் போகிற இடத்தில் பதினோரு நாளாக நிற்கிறார். படத்தைப் போட்டிக்கு அனுப்பக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. வராவிட்டால் இசையில்லாமலே அனுப்பிவிடுவதாகத் தங்கை காலையில் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள்.

நாலு மணிக்கு மனைவி கிளினிக்கிலிருந்து வந்தார். "கண்ணு ரத்தமாச் சிவந்திருக்கு. மருந்துக் கடைக்குப் போய் சொட்டு மருந்து வாங்கிட்டு வாங்க" என்று அவரைக் கிளப்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பியதும், தீயணைப்புத் துறை பேண்டில் டிரம்போன் ஊதும் தன் தம்பியைக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே கூட்டி வந்தார். தம்பி, நம்மவர் எழுதி ஒட்டியிருந்த பதினான்கு சுரங்களைப் பார்த்தார், உதட்டைத் துடைத்துக்கொண்டார். பதினோரு நாள் பார்த்துப் பழகியிருந்த சிவப்பு ஒலிப்பதிவுப் பொத்தானை அக்கா அழுத்தினார், தம்பி ஊதினார். ஒரே தடவைதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நம்மவர் சொட்டு மருந்தோடு திரும்பினார்.

"சும்மா எதையோ தட்டினேன்" என்றார் மனைவி. "கேட்டுப் பாருங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது சுரத்தில் அவர் முகம், கல்லைக் கடித்ததுபோலக் கோணியது.

"என்னத்தைத் தட்டித் தொலைச்சே? ரெண்டுலேருந்து மூணுக்குப் போறப்ப பாரு, கொழகொழன்னு ஒழுகுது. மூச்சுன்னு ஒண்ணு இருக்கறவன் இப்படி ஊதுவானா? சுத்த மெஷின்."

கதவுக்குப் பின்னாலிருந்து மைத்துனர் டிரம்போனும் கையுமாக வெளிப்பட்டார். நல்ல மனிதர், வருத்தமாகத்தான் சொன்னார்.

"அந்த இடத்துல குழாய்க்குள்ள எச்சில் தேங்கிடுச்சு அத்தான். துடைச்சுட்டு இன்னொரு தடவை ஊதட்டுமா?"

நம்மவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இழைப்பாளருக்கு வெட்கம் எத்தனை நேரம் தாங்கும்? மைத்துனரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அந்த எச்சிலோடயே, எல்லாத் தாவலையும் எனக்குத் தனித்தனியா ஊதித் தர முடியுமா? உனக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்?"

மனைவி அவரை நாற்காலியோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார். "பல்லைப் பிடுங்கறதுன்னா ஒரே இழுப்புங்க. ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டிருந்தா வலிதான் மிச்சம்." நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்குப் பாட்டு தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது, எச்சிலோடு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் படத்தைத் திரையிட்டார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் கிரேன் நிமிர, பதினான்கு சுரங்களும் ஒன்றையொன்று கைபிடித்து எழுந்தபோது அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை. திரையில் 'இசை' என்று போட்டு அண்ணன் பேர் வந்தது. அது நல்ல மெட்டு. இத்தனை வருஷமாக அவர் யாருக்கும் கேட்கக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தங்கை இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். அவர் வெளிப்படையாகவே அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மனைவி பக்கம் சாய்ந்தார்.

"அந்த மூணாவது சுரம்..."

"பேசாம படத்தைப் பாருங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். போகிறதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்குகிற ஓர் இடம் சரியாக ஒட்டவில்லை. எந்த இடம் என்று எனக்குத் தெரியும், சொல்வதாக இல்லை. 'இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்' என்று எழுந்து போகிறவர்கள் நிம்மதியாகப் போகலாம். எது என்று பார்க்க இப்போதே மறுபடி மேலே போகிறவர்களுக்குப் பின்னறையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.